சுவருக்கு வெளியே வெள்ளைத் தாள்

மீனம்பாக்கம் ஓடுதளத்தை எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. டிரேசிங் தாளில் நீளமாக இரண்டு கோடு, அவற்றைச் சாய்வாக வெட்டிக்கொண்டு இன்னும் இரண்டு கோடு. கத்தரிக்கோலைப் பாதி விரித்து வைத்த மாதிரி இருக்கும். 1978இல் டிராஃப்ட்ஸ்மேனாக வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் என் கையில் கொடுத்தது அந்தப் படத்தைத்தான். மடித்து மடித்து இற்றுப்போயிருந்த பழைய தாளைப் பார்த்துப் புதிதாக எடுக்க வேண்டும். மூன்று நாள் ஆனது. பிரிண்ட் அறையில் அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்க, உருளைக்குள்ளிருந்து நீலக் கோடுகளோடு என் முதல் படம் வெளியே வந்தது. எல்லைச் சுவருக்குத் தடித்த கோடு. சுவருக்குள்ளே ஒரு விளக்குக் கம்பம், ஒரு வடிகால் விட்டுப்போகவில்லை. சுவருக்கு வெளியே ஒரு மூலையில் அம்புக்குறி போட்டு 'பல்லாவரம் செல்லும் வழி'. இன்னொரு பக்கம் நெளிநெளியாக இரண்டு கோடு, அதன்மேல் 'அடையாறு'. மீதியெல்லாம் வெள்ளை.

என் வீடு அந்த வெள்ளையில்தான் இருந்தது. ஊர் அனகாபுத்தூர். மேற்கேயிருந்து இறங்குகிற விமானம் எங்கள் தலைக்கு மேலேதான் சக்கரத்தை நீட்டும். அப்பா குழித்தறி நெசவாளி. எங்கள் தெருவில் நெய்தது கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி. நைஜீரியாவுக்குக் கப்பலேறும் என்பார்கள். நைஜீரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பிளேன் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியும். ராத்திரியில் ஒன்று வடக்கே பார்த்துக் கிளம்பும். "நாக்பூர்க்காரன் போயிட்டான், போய்ப் படுடா" என்பார் அப்பா. வீட்டில் கடிகாரம் வாங்கியது பிறகுதான்.

அந்த நாக்பூர்க்காரனின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என்று நான்கு மூலையிலிருந்தும் ராத்திரி கிளம்புகிற டக்கோட்டாக்கள் நடுநிசியில் நாக்பூரில் கூடும். தபால் மூட்டையையும் பயணிகளையும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பிவிடும். சென்னையில் சாயங்காலம் பெட்டியில் போட்ட கடுதாசி மறுநாள் டெல்லியில் கிடைக்கும். எழுபதுகளின் தொடக்கம் வரை நடந்தது. ஒரு விமான நிலையம் எவ்வளவு சின்னதாக இருந்தும் எவ்வளவு பெரிய வேலையைச் செய்யலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சென்னையில் விமானம் முதலில் வந்தது, திட்டம் பிறகுதான் வந்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கார்சிகாக்காரர் டி ஏஞ்செலிஸ், சிம்ப்சன் பட்டறையில் செய்த விமானத்தை 1910இல் பல்லாவரத்துப் பக்கம் பறக்கவிட்டுப் பார்த்தார். பட்டாளக்காரர்களின் கன்டோன்மென்ட், மரம் குறைந்த பொட்டல், கேட்பாரில்லாத சமவெளி. வேறெங்கே போவார்? 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அதை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். எல்லாரும் டாட்டாவை மட்டும் சொல்கிறார்கள், எங்கள் ஊர் வரைக்கும் வந்தவரை விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு சென்னை வந்து சேர்ந்தது. 1954இல் ஏர் இந்தியா சென்னை வழியாகச் சிங்கப்பூர் போனது. நகரத்தின் வெளியுலகக் கதவு இப்படி ஒவ்வொரு பலகையாகத் திறந்தது. கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்கிற வழக்கமே அப்போது கிடையாது. வந்த விமானத்துக்கு ஏற்ப ஓடுதளத்தை நீட்டினார்கள். அடுத்தது பெரிதாக வந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள். இன்றைக்குப் பெரிய ஓடுதளத்தின் நீளம் 3,658 மீட்டர்.

நீட்டிக்கொண்டே போக இடம் வேண்டுமே. மீனம்பாக்கத்தை வரைந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், அது நான்கு பக்கமும் பூட்டுப் போட்ட வீடு. கிழக்கே ஜி.எஸ்.டி. ரோடு, அதை ஒட்டி ரயில் பாதை, அதையும் தாண்டினால் திரிசூலம் மலை. வடகிழக்கே பரங்கிமலை. தெற்கே பல்லாவரம், தோல் தொழிற்சாலைகள், பம்மல். வடக்கிலும் மேற்கிலும் அடையாறு.

மலை என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற ஆராய்ச்சி தொடங்கியதே அந்தக் கல்லில்தான். இந்த மலைகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தப் பெயரை வைத்தார். செத்துப்போன கம்பெனி அதிகாரியின் பெயர் எங்கள் மலைக்கு. நாங்களோ அதை ஜல்லி என்றே அறிவோம். சென்னையின் எத்தனையோ கட்டடங்களுக்குத் திரிசூலத்துக் குவாரிகளிலிருந்துதான் கல் போனது. லாரி லாரியாக மலை இறங்கிப் போனது. இருந்தும் விமானத்துக்கு வழிவிடும் அளவுக்கு அது குறையவில்லை.

ஏன் வழிவிட வேண்டும் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எந்தப் பெரிய ஓடுதளத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்தல் இருக்கிறது. சர்வதேச விதிப்படி போட்ட பந்தல். ஓடுதளத்தின் முனையிலிருந்து 50 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் ஏறும். பக்கவாட்டில் 7 மீட்டருக்கு 1 மீட்டர். 45 மீட்டர் உயரத்தில் கூரை தட்டையாகி, 4 கிலோமீட்டர் வரைக்கும் விரியும். அந்தப் பந்தலைத் தொடுகிற மரத்தை வெட்டுவார்கள், மாடியைக் குறைக்கச் சொல்வார்கள். பரங்கிமலை சுமார் 300 அடி. விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 52 அடி. கூட்டிக் கழித்துப் பாருங்கள், மலை பந்தலைக் கிழித்துக்கொண்டு மேலே நிற்கும். உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். அதை யார் குறைக்கச் சொல்வது? இரண்டாவது ஓடுதளத்தின் தென்கிழக்கு முனைக்கு எதிரே பல்லாவரத்துக் குன்று. அந்தப் பக்கமிருந்து இறங்குவதும் அந்தப் பக்கம் பார்த்து ஏறுவதும் சங்கடம். ஆக, கத்தரிக்கோலின் ஒரு கை எப்போதும் பாதி ஊனம்.

இந்தப் பந்தலை வண்ண மையில் வரைவது என் வேலைகளில் ஒன்று. மலை கிழிக்கிற இடத்தில் சிவப்பு. நகரம் வளர வளரச் சிவப்புப் புள்ளிகள் கூடின. தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், கல்யாண மண்டபம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒரு தடவை என் சித்தப்பா வீட்டு மாடியே பட்டியலில் வருமோ என்று பயந்து ஸ்கேலை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். ஓர் அடி கீழே இருந்தது. அவரிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

1972இல் பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நிலையங்களுக்கும் சேர்த்துத் தனி ஆணையம் வந்தது. பிறகு அது இன்னொன்றோடு இணைந்து 1995 ஏப்ரலில் இன்றைய ஆணையமானது. எண்பதுகளின் இறுதிக்குள் மீனம்பாக்கத்து முனையில் இருந்த பழைய முனையத்தைச் சரக்குக்கு விட்டுவிட்டு, தெற்கே திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே காமராஜர் பெயரில் உள்நாட்டு முனையமும் அண்ணா பெயரில் பன்னாட்டு முனையமும் எழுந்தன. அந்த இடமாற்றம் நல்ல முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ரயிலிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டினால் விமானம் என்கிற வசதி அப்போது எத்தனை இந்திய நகரங்களில் இருந்தது? கத்தார், குவைத் என்று கிளம்பியவர்களை வழியனுப்ப ஊரே வேன் பிடித்து வந்து நிற்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அழுகை, அந்தப் பக்கம் வரிசை. முனையத்தை வரையும்போது வழியனுப்ப வருகிறவர்களுக்கு இடம் விட வேண்டும் என்பதை எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லவில்லை. ஒரு பயணிக்கு எத்தனை உறவினர் என்று எங்கள் ஆட்கள் வாசலில் நின்று எண்ணியதை நான் பார்த்திருக்கிறேன்.

முனையம் கட்டுவது எளிது. ஓடுதளம்தான் கடினம். இரண்டு ஓடுதளமும் ஒன்றையொன்று வெட்டும்போது ஒன்றில் விமானம் ஓடினால் மற்றது காத்திருக்க வேண்டும். இணையாக ஓடும் இரண்டுக்கும் இடையில் 1,035 மீட்டர் இடைவெளி இருந்தால் இரண்டிலும் தனித்தனியே தரையிறக்கலாம். அப்படி ஓர் இணைத்தளத்துக்கு மீனம்பாக்கத்தில் மிச்சமிருந்த ஒரே திசை வடக்கு, அடையாற்றுக்கு அக்கரை. 2007 வாக்கில் மணப்பாக்கம், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம், தரப்பாக்கம் பகுதிகளில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கும் யோசனை வந்தது. மொத்த விமான நிலையமே சுமார் 1,300 ஏக்கர் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்போதுதான் என் தாளின் வெள்ளையில் முதன்முறையாக ஊர் வந்தது. சர்வே எண்கள், வீடுகள், கிணறு, கோயில், சுடுகாடு. முப்பது வருடம் வெள்ளையாகக் கிடந்த இடத்தை நாங்கள் வரைந்தது, எடுத்துக்கொள்வதற்காக. மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள். அவர்கள் தட்டியில் ஒட்டியிருந்த வரைபடம் எங்களுடையதைவிடச் சரியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தாளில் இல்லாத ஒரு தெருவே அதில் இருந்தது.

இணைத்தளம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக இரண்டாவது ஓடுதளத்தை வடமேற்கில் நீட்டி அடையாற்றின் மேலே கொண்டுபோனார்கள். ஆற்றின் குறுக்கே தூண்கள், அவற்றின் மேல் காங்கிரீட் தளம், அதன்மேல் ஓடுதளம். பக்கத்திலேயே டாக்ஸி பாதைக்கும் ஒரு பாலம். மும்பையில் மித்தி ஆறும் ஓடுதளத்துக்கு அடியில்தான் போகிறது. ஆனால் இப்படி முழு ஆற்றின் மேல் பாலம் போட்டுத் தளம் நீட்டியது அந்த நாளில் எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. பொறியியலாக அது அழகான வேலை, சந்தேகமில்லை. அதற்குள் பேனா போய்க் கணினி வந்துவிட்டது. கணினிப் படத்தில் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். கட்டடம் ஓர் அடுக்கு, மின்சாரம் ஓர் அடுக்கு, ஆறு ஓர் அடுக்கு. ஒரு கூட்டத்துக்குப் பெரிய பிரிண்ட் எடுக்கும்போது கோடுகள் நெரிசலாகத் தெரிந்ததால் ஆற்றின் அடுக்கை அணைத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன், யாரும் சொல்லவில்லை. படம் சுத்தமாக வந்தது.

2013 ஜனவரி 31ஆம் தேதி, நான் ஓய்வு பெற்ற வருடம், புதிய முனையங்களைத் திறந்தார்கள். இறகு மாதிரி வளைந்த கூரை, நிறையக் கண்ணாடி. கண்ணாடி உடைந்து விழுந்ததைப் பத்திரிகைகள் எத்தனையாவது தடவை என்று எண் போட்டு எழுதியதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

2015 டிசம்பர் 1 இரவு மழை நிற்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியது. எங்கள் வீட்டில் அப்பாவின் தறிக்குழியைச் சிமென்ட் பூசி மூடி இருபது வருடம் ஆகியிருந்தது. தண்ணீர் முதலில் அங்கேயிருந்துதான் வந்தது. பூசிய இடம் வெடித்துக் குமிழியிட்டது. மாடிக்கு ஏறிக் கிழக்கே பார்த்தேன். விமான நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கே இல்லை. சுவரில்லை, கோடில்லை, ஆறும் ஓடுதளமும் ஒரே நிறம். அங்கங்கே வால்கள் மட்டும் நின்றன. நிலையத்தை மூடினார்கள். பயணிகள் விமானம் மறுபடி பறக்க 6ஆம் தேதி ஆனது. அதுவரை அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து ஆட்களை ஏற்றிப் போனார்கள். பாலம்தான் தண்ணீரை நிறுத்தியது என்று சிலர், ஏரி திறப்புதான் காரணம் என்று சிலர், கரையில் கட்டிய நாம்தான் என்று சிலர். என் வீடும் கரையில்தான் இருக்கிறது. அதனால் அந்தச் சண்டையில் நான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அணைத்துவிட்ட அந்த அடுக்கை நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவே அக்கம்பக்கத்து நகரங்கள் ஓடிவிட்டன. 2008இல் இரண்டே மாத இடைவெளியில் ஹைதராபாத் ஷம்ஷாபாத்துக்கும் பெங்களூரு தேவனஹள்ளிக்கும் குடிபோயின. சென்னையும் ஸ்ரீபெரும்புதூர் அருகே சுமார் 4,800 ஏக்கரில் ஒரு புது நிலையம் என்று பேசியது, பேச்சோடு நின்றது. 2023-24இல் பெங்களூரு 3.75 கோடிப் பயணிகளையும் ஹைதராபாத் 2.5 கோடியையும் கண்டபோது சென்னை 2.12 கோடியில் இருந்தது. 2018-19இல் நாம் தொட்ட 2.25 கோடியைக்கூட எட்டவில்லை. 2023 ஏப்ரலில் இன்னொரு புதிய முனையம் வந்தது, கோலம் மாதிரித் தரை, கோயில் மாதிரித் தூண். அழகுதான். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இன்னோர் அறை கட்டினால் வாசல் அகலமாகிவிடாது. புது விமான நிலையம் வேண்டாம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. முப்பத்தைந்து வருடம் அந்தக் கத்தரிக்கோலை வரைந்தவனுக்கு அதற்குமேல் விரியாது என்று தெரியும்.

பரந்தூர், பன்னூர், திருப்போரூர், படாளம் என்று நான்கு இடம் பார்த்து, 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று முடிவாயிற்று. இரண்டு ஓடுதளம், ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள். பின்னால் வந்த அரசாணையில் 5,746 ஏக்கர். அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம், மீதி 1,972 ஏக்கர் அரசு நிலம். செய்தித்தாளில் அந்தக் கணக்கைப் படித்தபோது கை தானாகப் பென்சிலைத் தேடியது. அரசு நிலம் என்றால் வரைபடத்தில் வெள்ளை. கிராமத்தில் புறம்போக்கு என்பது ஏரி, வாய்க்கால், மேய்க்கால், களம், சுடுகாடு. யாருடைய பெயரிலும் இல்லாததால்தான் அது எல்லாருக்கும் இருக்கிறது.

போன வருடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காஞ்சிபுரத்தில் இறங்கி டவுன் பஸ். பரந்தூர்த் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்தில், அதை எதிர்த்து 2022 ஜூலை கடைசியில் தொடங்கிய போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டியிருந்தது. பகல் வேலை முடித்துவிட்டுச் சாயங்காலம் கூடுகிறார்கள். நான் போனது மத்தியானம் என்பதால் யாருமில்லை. ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் பெரியவர் ஒருவர் மாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகை இல்லீங்க. படம் வரையறவன்."

"சினிமாவா?"

"இல்லீங்க, நிலத்துப் படம். பிளேன் எறங்குற எடத்தை வரைவோமே, அது."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அப்ப இதைச் சொல்லுங்க. இந்த ஏரி ரொம்புனா கலங்கல் வழியா தண்ணி அடுத்த ஏரிக்குப் போவும். அது ரொம்புனா அதுக்கடுத்தது. அப்பால கம்பன் கால்வா. அது ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போவுது. நடுவுல நீங்க கோடு போட்டீங்கன்னா தண்ணி எந்தப் பக்கம் திரும்பும்?"

அதற்கு ஆய்வு நடத்த நிபுணர் குழு போட்டிருக்கிறார்கள் என்றேன். "அவங்க மழைக்காலத்துல வந்தாங்களா?" என்றார். பிறகு குச்சியால் மண்ணில் போட ஆரம்பித்தார். இது நம்ம ஏரி, இது மடை, இது கலங்கல், இங்கே ஒரு பள்ளம், வெள்ளம் வந்தா முதல்ல இதுதான் நிக்கும். கை நடுங்கவில்லை. ஒரு தடவை தவறாகப் போட்டுவிட்டு உள்ளங்கையால் அழித்துத் திருத்தினார்.

சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருந்தது, போதவில்லை. பையிலிருந்த பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை எடுத்து முட்டியில் வைத்து அவர் போட்டதை அப்படியே எடுத்தேன். ஏரிகளுக்குப் பெயர் கேட்டு எழுதினேன். வடக்கு எது என்று கேட்டேன், காட்டினார், அம்புக்குறி போட்டேன். பழக்கதோஷம், வலது கீழ் மூலையில் 'அளவுக்கு உட்பட்டதல்ல' என்று எழுதினேன்.

"இன்னா எழுதுனீங்க?"

படித்துக் காட்டினேன்.

"அளந்து போடணும்னா நடக்கணும்" என்றார். "வாங்க, வெயில் தாழ்ந்துடுச்சு."